மீன் வாசனை ஐஸும் வியட்நாம் காபியும்

நான் இருந்தேன்.

என் மனைவி லூர்துமேரி இருந்தாள். அடுப்படி வாசலில், முக்காலியில்.

அவளுடைய தம்பி அருள் இருந்தான். வியட்நாமிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தான்.

பக்கத்து வீட்டு கஸ்தூரி இருந்தாள். கையில் எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தில் ஐஸ்கட்டி.

எங்கள் அடுப்படியில் இரண்டு பேர் நின்றாலே முட்டிக்கொள்வோம். அன்று நான்கு பேர். மே மாத மத்தியானம். மேற்குத் தாம்பரத்தில் ஃபேன் காற்றே சுடுகிற நேரம்.

மேடையில் ஒரு கண்ணாடி டம்ளர். டம்ளர் தலைமேல் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம். நாங்கள் நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதிலிருந்து ஒரு சொட்டு விழ வேண்டும்.

விழவில்லை.

போன வாரம் இதே பக்கத்தில், நான் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷெட்டில் டிரம் சுற்றியதைச் சொன்னேன். இந்த வாரம் அந்தச் சொட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

மேல் பாதி

அருளை நாகல்கேணி ஷெட்டில் சேர்த்துவிட்டது நான்தான். அப்போது அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. தோலுக்குச் சாயம் ஏற்றுவதில் அவனுக்குச் சீக்கிரம் கை வந்துவிட்டது. ஷூ செய்யும் கம்பெனி ஒன்று அவனை வியட்நாமுக்குக் கூட்டிக்கொண்டு போனது. நான் ஷெட்டிலேயே இருந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. விமானத்தை அண்ணாந்து பார்ப்பதே எனக்குப் போதும்.

லீவில் வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவருவான். துண்டு, மிட்டாய், தைலம். கொரோனா வந்த பிறகு இரண்டு வருடம் வர முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த முதல் லீவு இது. பெட்டியைத் திறந்து காபித்தூள் பொட்டலங்களையும் இந்தப் பாத்திரத்தையும் எடுத்து அக்கா மடியில் வைத்தான்.

அதற்கு அங்கே ஃபின் என்று பெயராம். நம் வீட்டு ஃபில்டர் போலத்தான். அடியில் ஓட்டை, உள்ளே அழுத்துவதற்கு ஒரு ஓட்டைத் தட்டு, மேலே மூடி. டம்ளர் விளிம்பில் உட்காருவதற்குத் தொப்பி மாதிரி ஒரு விளிம்பு. அவ்வளவுதான். டிகாக்‌ஷன் பிடிக்கிற அடிப்பாத்திரம் கிடையாது.

கஸ்தூரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா தம்பி, மேல் பாதிய மட்டும் வாங்கினு வந்துகீற? கீழ் பாதிக்குத் துட்டு பத்தலயா?"

"டம்ளர்தான்க்கா கீழ் பாதி" என்றான் அருள்.

எப்படிச் செய்வது என்று அவன் சொன்னான். டம்ளர் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு டின் பால். அதுதான், கெட்டியாக இனிப்பாக இருக்குமே, அது. மேலே ஃபின். அதில் தூள், தூள்மேல் தட்டு. முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தூளை ஊற விட வேண்டும். அப்புறம் நிறைய விட்டு மூடி போட வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்கி முடிந்ததும் கலக்கி ஐஸ்மேல் ஊற்ற வேண்டும்.

அங்கே ரோட்டோரத்தில் சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

"சொட்டு விழுந்து முடியற வரைக்கும் பேச்சே இருக்காது, மாமா. உங்களுக்கு ஏத்த ஊரு" என்றான்.

நான் டம்ளரை எடுத்துத் துடைத்தேன். அதற்கும் சிரித்தான்.

பொட்டலத்தைப் பிரித்ததும் கஸ்தூரி மூக்கை உறிஞ்சினாள். வெண்ணெய் காய்ச்சிய வாசனை, கொஞ்சம் கருகின வாசனை, இரண்டும் வந்தது. லூர்துவும் பழக்கத்தில் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனாள். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு பொட்டலத்தின் வாயை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"நல்லா கீதுடா" என்று தம்பியிடம் சொன்னாள்.

அருளுக்கு விஷயம் தெரியாது. போனில் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

பின்பக்கக் குழாய்

தோல் ஷெட்டில் வேலை செய்கிறவன் தோல் நாற்றத்தோடுதான் வீட்டுக்கு வருவான். சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் இருக்கும். குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் தாம்பரம் வரைக்கும் என் பக்கத்தில் ஆள் இருக்காது. எவ்வளவு கூட்டத்திலும் எனக்கு உட்கார இடம் கிடைத்திருக்கிறது.

லூர்து கல்யாணமான வாரமே சட்டம் போட்டுவிட்டாள். ஷெட்டிலிருந்து வந்தால் முன்வாசல் கிடையாது. பின்பக்கம் போய்க் குழாயடியில் குளித்து, லுங்கி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அப்படி வந்தால் காபி.

குளிக்கும்போதே டிகாக்‌ஷன் வாசனை ஜன்னல் வழியாக வரும். எனக்கும் மூக்கு இருக்கிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வரும்.

அவள் சமையல் எல்லாம் மூக்கால்தான். பால் பொங்குவதை அவள் நின்று பார்த்ததே இல்லை. வாசலில் யாருடனாவது பேசிக்கொண்டிருப்பாள். நடுப்பேச்சில் எழுந்து போவாள். சரியாகப் பால் விளிம்புக்கு வந்திருக்கும். குழம்பில் உப்புப் போதுமா என்பதையும் ஆவியை முகர்ந்தே சொல்வாள். ருசி பார்த்தால் எச்சில் என்பாள்.

அந்தக் கொரோனாக் காய்ச்சல் எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது. எனக்கு வந்தது, போனது. அவளுக்கும் போனது. மூக்கு போனது எனக்குத் தெரியவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

ஒரு நாள் மழை. பின்பக்கம் தண்ணீர் தேங்கி இருந்தது. முன்வாசலில் நின்று, துணி எடுத்து வா என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து, "வாங்க" என்றாள். அவ்வளவுதான். நான் உள்ளே போனேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஷெட் சட்டையோடு. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

திட்டவில்லை.

உள்ளே பால் கருகும் வாசனை வந்தது. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"லூர்து, பாலு" என்றேன்.

"பாலுக்கு இன்னா?" என்று கேட்டாள்.

அப்போது தெரிந்தது.

மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பு என்றார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு தெரியும். மற்றதெல்லாம் மூக்கு வேலையாம். வழியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அப்போ இத்தனை நாள் நாக்குக்கு வேலையே இல்லையா என்று.

விடுவதற்கு என்ன

அதற்குப் பிறகு சமையல் கடிகாரம் பார்த்து நடந்தது. பாலுக்கு இத்தனை நிமிடம், பருப்புக்கு இத்தனை விசில். கெட்டுப்போகவில்லை. எனக்குக் காபி போட்டுக் கொடுப்பாள். அவள் குடிக்க மாட்டாள். வெந்நீர் மாதிரி இருக்கிறது என்றாள். சாப்பிட வேண்டிய நேரம் வந்தால் தட்டு போட்டுச் சாப்பிடுவாள். மாத்திரை விழுங்குகிற மாதிரி.

தொளதொளத்துப் போன ரவிக்கைகளை அவளே பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவையும் தைத்தாள். நான் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

இங்கே தபசு காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாம்பல் புதன் அன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாள் தபசு. எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் எல்லோரும் ஏதாவது ஒன்றை விடுவோம். கறி விடுவார்கள், டிவி விடுவார்கள். பிடித்ததைத்தான் விட வேண்டும். அதுதான் முறை. பாகற்காயை விட்டேன் என்றால் கணக்கில் வராது.

நான் பீடி. லூர்து காபி.

நாற்பது நாள் என்றாலும் நடுவில் வருகிற ஆறு ஞாயிறும் அந்தக் கணக்கில் சேராது. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று தபசு இல்லை. ஆகவே ஞாயிறு ஞாயிறு நான் ஒரு பீடி பற்றவைப்பேன். லூர்து ஞாயிறும் குடிக்க மாட்டாள்.

"உங்க தபசு கவர்மெண்டு வேலை மாதிரி. வாராவாரம் லீவு" என்பாள்.

ஈஸ்டர் அன்று காலையில் முதல் காபி. டவராவில் ஆற்றாமல், சூடாக, நின்றுகொண்டே குடிப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்து வருகிறேன். அந்த நேரத்தில் அவளிடம் எதுவும் பேசக் கூடாது.

காய்ச்சலுக்குப் பிறகு வந்த முதல் தபசில், வழக்கம்போல் காபி விட்டேன் என்றாள். ஈஸ்டர் காலையில் நான் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடவில்லை. டம்ளரை வைத்துவிட்டுத் துணி காயப் போடப் போனாள்.

அடுத்த வருடம் சாம்பல் புதன் சாயங்காலம், அவள் நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்திருந்தாள். இந்த வருடம் என்ன விடப்போகிறாய் என்று கேட்டேன்.

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கறியா, மீனா, இனிப்பா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருப்பாள்.

"விடறதுக்கு இன்னா கீது?" என்றாள்.

அழுதுகொண்டு சொல்லவில்லை. பை காலியாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குப் பயம் வந்தது. ஷெட்டில் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் ஒரு தடவை கால் வழுக்கியிருக்கிறது. அப்போதுகூட அவ்வளவு பயம் வரவில்லை.

அந்த ஈஸ்டர் முடிந்து சில வாரத்தில்தான் அருள் வந்தான்.

ரவை

சரி, சொட்டு ஏன் விழவில்லை என்பதற்கு வருகிறேன்.

டின் பால் வாங்க அருள் கடைக்குப் போயிருந்தான். அந்த நேரத்தில் கஸ்தூரி பொட்டலத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். ரவை மாதிரி இருக்கிறது, சரியாக அரைபடவில்லை, ஏமாற்றி விட்டிருக்கிறான் வெளிநாட்டுக்காரன் என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம் கடையில் காபித்தூள் வாங்கினால் விபூதி மாதிரி இருக்கும். தம்பி மனசு கஷ்டப்படக் கூடாது, வருவதற்குள் முடித்துவிடலாம் என்றாள் கஸ்தூரி. ஒரு பொட்டலத்தில் பாதியை மிக்சியில் போட்டேன். நைசாக அரைத்தேன். ஃபின்னில் போட்டுத் தட்டை வைத்து, நம் ஃபில்டரில் அமுக்குகிற மாதிரி கட்டைவிரலால் நன்றாக அமுக்கினேன்.

லூர்து முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருள் வந்தான். டின்னில் இரண்டு ஓட்டை போட்டுப் பாலை டம்ளரில் விட்டான். நான் தயாராக வைத்திருந்த ஃபின்னை மேலே வைத்து வெந்நீர் ஊற்றினான். கஸ்தூரி ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்தாள். எங்கள் ஃபிரிட்ஜில் ஐஸ் பிடித்து வெகுநாள் ஆகிறது.

நின்றோம். சொட்டு இல்லை.

அருள் மூடியைத் திறந்தான். உள்ளே சேறு. சேற்றுக்கு மேல் தண்ணீர் குளமாக நின்றது.

"மாமா, இத இன்னா பண்ணீங்க?"

"மிக்சில போட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். கஸ்தூரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அமுக்கறதுக்குத் தோல்தான் சரி, காப்பிக்கு நீங்க ஆகமாட்டீங்க என்று அவன் ஆரம்பித்தான். வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போது முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"தள்ளுங்க" என்றாள் லூர்து.

சேற்றைத் தட்டிக் கொட்டினாள். ஃபின்னை அலம்பித் துடைத்தாள். அரைக்காத தூளை அளந்து போட்டாள். தட்டை மேலே வைத்தாள். அமுக்கவில்லை, சும்மா உட்கார வைத்தாள். கொஞ்சம் வெந்நீர் விட்டு நிறுத்தினாள். மறுபடி விட்டாள். மூடினாள். அருள் ஒரு தடவை சொன்னது அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

பிறகு ஃபேனை நிறுத்தச் சொன்னாள். வேர்த்துக் கொட்டும் என்றாள் கஸ்தூரி. கொட்டட்டும் என்றாள் இவள்.

ஃபேன் நின்றது. அடுப்படி அமைதியானது. லூர்து தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

டப்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் ஒழுங்காக விழ ஆரம்பித்தது. கறுப்புச் சொட்டு வெள்ளைப் பால்மேல் விழுந்து, கலக்காமல் மேலேயே நின்றது. அவள் டம்ளரைப் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் தள்ளித் தள்ளி விழுந்ததும், "முடிஞ்சுது" என்று ஃபின்னை எடுத்தாள். முடிந்திருந்தது.

சங்கரா

ஒரு டம்ளர் காபி. நான்கு பேர். நான்கு சின்ன டம்ளரில் ஐஸ் போட்டுப் பிரித்து ஊற்றினாள். ஐஸ் படபடவென்று வெடித்தது.

நான் ஒரு வாய் குடித்தேன்.

மீன் வாசனை.

அருள் ஒரு வாய் குடித்தான். டம்ளருக்குள் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கஸ்தூரி குடித்தாள். அவள் முகம் மாறியது. அவளுடைய ஃபிரீசர், அவளுடைய ஐஸ். அவளுக்குத் தெரியாதா?

 மரியாதைக்கு இன்னொரு வாய் குடிக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

லூர்து குடித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன வாயாக. நடுவில் நிறுத்தவில்லை. தலை அண்ணாந்தது. ஐஸ் வந்து உதட்டில் இடித்தது. அதையும் வாயில் போட்டுக் கடித்தாள்.

கண்ணை மூடியிருந்தாள்.

நான் டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"கசக்குது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இனிக்குது. நல்லா கசந்து நல்லா இனிக்குது. ஜில்லுனு கீது."

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வருடத்தில் அவள் மனசாரச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. கண்ணைத் திறந்தவள் எங்கள் டம்ளர்களைப் பார்த்தாள். யாரும் குடிக்கவில்லையே என்று கேட்டாள்.

கஸ்தூரியால் முடியவில்லை. "யக்கா, தப்பா நெனச்சுக்காத. ஐஸ் தட்டு மேலயே மீன வச்சுட்டேன். நாத்தம் ஏறிக்கிச்சு."

"இன்னா மீனு?"

"சங்கரா."

லூர்து தன் காலி டம்ளருக்குள் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"எனக்கு வரலியே" என்றாள். "உங்களுக்கு வேணாம்னா இங்க ஊத்துங்க."

எங்கள் மூன்று பேர் டம்ளரையும் வாங்கித் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டாள்.

அருளுக்கு அப்போதுதான் உறைத்தது. "யக்கா, உனக்கு வாசனை தெரியாதா?"

"ரெண்டு வருசமாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா அங்கேந்து மூக்கு வாங்கி அனுப்புவியா?"

கஸ்தூரிதான் முதலில் சிரித்தாள். அருளுக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. காலி டின்னை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான். தூக்கிப் போட வேண்டிய டின் அது.

லூர்து முக்காலியில் உட்கார்ந்து மிச்சத்தையும் குடித்தாள். சங்கரா மீன் காபி. ஒரு சொட்டு வைக்கவில்லை.

குழாயடி மறுபடியும்

மூக்கு திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை.

அருள் ஊருக்குப் போனான். ஃபின் இங்கேயே இருந்தது. அவன் கொடுத்த தூள் தீர்ந்ததும் தாம்பரம் மார்க்கெட் பக்கம் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனேன். சிக்கரி வேண்டாம், நன்றாகக் கறுக்க வறுத்த கொட்டை, ரவை மாதிரி அரைத்துக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இப்போது என் தலையைப் பார்த்தாலே மிஷினைத் திருப்பி வைக்கிறார்.

ஃபிரிட்ஜை ரிப்பேர் செய்தேன். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் எதுவும் வைப்பதில்லை. அது எனக்காக. அவளுக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

தினமும் சாயங்காலம் போடுவாள். ஃபேன் நிற்கும். டப், டப் என்று கேட்கும். பிறகு குழம்பும் அப்படி ஆனது. கொதிக்கிற சத்தத்தில் பதம் சொல்லக் கற்றுக்கொண்டாள். பாகற்காய் அதிகம் வாங்க ஆரம்பித்தாள். எலுமிச்சை, மாங்காய், கசப்பு, காரம். எனக்கு வயிறு எரிந்தது. நான் மோர் குடித்துக்கொண்டேன். பிடித்துத் தைத்த ரவிக்கையில் ஒரு தையல் பிரிந்தது.

ஒரு நாள் ஷெட்டிலிருந்து வந்து முன்வாசலில் கால் வைத்தேன். அந்த இரண்டு வருடத்தில் எனக்கு அது பழகியிருந்தது.

"பின்னாடி போங்க. நாத்தம் அடிக்குது" என்றாள்.

நின்று அவளைப் பார்த்தேன்.

"அடிக்குதா?"

"அடிக்கும்னு தெரியும்ல? போங்க."

போனேன். குழாயடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பக்கெட் காலியான பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

சாம்பல் புதன்

அடுத்த தபசு வந்தது. சாயங்காலம் கோயிலிலிருந்து வந்தோம். இரண்டு பேர் நெற்றியிலும் சாம்பல். நான் பீடிக்கட்டை எடுத்துக் கூரை இடுக்கில் செருகினேன்.

லூர்து அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் சத்தம் கேட்டது. ஃபேனை நிறுத்தப்போகிறாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

எட்டிப் பார்த்தேன். ஃபின்னைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டு, மூடி எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைத்தாள். என் பழைய லுங்கித் துணியில் சுற்றினாள். முக்காலி மேல் ஏறி, மேல் அலமாரியில் பின்னால் தள்ளி வைத்தாள். காபித்தூள் டப்பாவையும் அதன் பக்கத்தில் வைத்தாள். அலமாரிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்குவதற்குக் கை கொடுத்தேன்.

"இன்னா?" என்றேன்.

"காப்பி விட்டுட்டேன்" என்றாள்.

நான் கையை விடவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.

"கஷ்டமா இருக்குமே" என்றேன்.

"இருக்கும்."

அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. சாம்பல் கொஞ்சம் மூக்குமேல் உதிர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குடிக்கலாமே, அது கணக்கில் வராதே என்றேன். கவர்மெண்டு வேலைக்காரர் பேச்சைப் பார் என்றாள்.

சுவரில் கோயில் காலண்டர் தொங்கியது. அதன் முன்னால் போய் நின்றேன். புதன்கிழமையில் விரலை வைத்து, ஞாயிறுகளையும் விடாமல், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினேன்.

நாற்பத்தாறு.